டிசிஎஸ் ஹார்னெட்டுக்குச் சொந்த லிவரி: எண் சதுரம், பச்சைத் திட்டு, பிளாஸ்டிக் தோற்றம்

கேள்வியின் சுருக்கம் இது. டிசிஎஸ் வேர்ல்ட் என்ற போர்விமான சிமுலேட்டரில் எஃப்/ஏ-18சி ஹார்னெட்டுக்கு கிம்ப் என்ற பட எடிட்டரில் ஒரு சாம்பல் நிற லிவரி, அதாவது விமானத்தின் பெயின்ட் தோற்றம், வரைந்து ஏற்றியாயிற்று. மூன்று குறைகள் மிஞ்சியிருக்கின்றன. மூக்கில் எண் இருக்கும் இடத்தில் பழைய பெயின்ட் சதுரமாகத் தெரிகிறது. சாம்பல் நிறம் ஓரிடத்தில் பச்சையாகவும் இன்னோரிடத்தில் இளஞ்சிவப்பாகவும் திட்டுத்திட்டாக இருக்கிறது. மொத்த விமானமும் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருக்கிறது.

மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. முதலாவது எந்தப் பகுதிக்கு எந்தப் படம் என்று சொல்லும் லுவா ஃபைலில் இருக்கிறது, இரண்டாவது படங்களைச் சேமிக்கும் டிடிஎஸ் வடிவத்தின் சுருக்கத்தில், மூன்றாவது பரப்பின் பளபளப்பைச் சொல்லும் ரஃப்மெட் படத்தில். நிறத்தைத் திருத்தித் திருத்தி இவற்றில் ஒன்றையும் சரிசெய்ய முடியாது. பலர் அதைத்தான் வாரக்கணக்கில் செய்துகொண்டிருக்கிறார்கள்.

முதலில் லிவரி இருக்க வேண்டிய இடம். விளையாட்டு நிறுவப்பட்ட ஃபோல்டருக்குள் எதையும் மாற்ற வேண்டாம். அப்டேட்டோ ரிப்பேரோ ஓடினால் உங்கள் உழைப்பு போய்விடும். ஃபைல்களைச் சரிபார்க்கும் மல்டிபிளேயர் சர்வர்களும் உள்ளே விடாமல் போகலாம். விண்டோஸ் பயனர் கணக்கில் சேவ்ட் கேம்ஸ், அதற்குள் டிசிஎஸ், அதற்குள் லிவரீஸ், அதற்குள் விமானத்தின் ஃபோல்டர், அதற்குள் உங்கள் லிவரியின் ஃபோல்டர் என்பதுதான் வரிசை. விமான ஃபோல்டரின் பெயர் விளையாட்டு வைத்திருக்கும் பெயராகவே இருக்க வேண்டும். ஹார்னெட்டுக்கு அது வெறும் எஃப்-18 அல்ல. எஃப்ஏ, சிறுகோடு, 18சி, அடிக்கோடு, ஹார்னெட். எஃப்-16க்கு எஃப்-16சி, அடிக்கோடு, 50. ஓர் எழுத்து பிசகினாலும் லிவரி பட்டியலில் வராது, பிழைச் செய்தியும் வராது. பழைய ஓப்பன் பீட்டா காலத்திலிருந்து விளையாடுகிறவர்களின் கணினியில் டிசிஎஸ் என்று ஒன்றும் டிசிஎஸ்.ஓப்பன்பீட்டா என்று ஒன்றுமாக இரண்டு ஃபோல்டர்கள் கிடக்கலாம். எதில் இன்றைய தேதியிட்ட லாக் ஃபைல் இருக்கிறதோ அதுதான் பயன்பாட்டில் உள்ளது.

லிவரி ஃபோல்டருக்குள் டிடிஎஸ் படங்களும் டிஸ்கிரிப்ஷன்.லுவா என்ற ஒரு ஃபைலும் இருக்கும். இந்த லுவா ஃபைலை வெற்றுப் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்காதீர்கள். நிறுவிய ஃபோல்டரில் பஜார் அல்லது கோர்மாட்ஸ் அடியில் அதே விமானத்தின் லிவரி ஒன்று இருக்கும். அதன் லுவா ஃபைலை நகலெடுத்துத் திருத்துங்கள். ஒவ்வொரு வரியிலும் நான்கு பகுதிகள். முதலாவது மெட்டீரியலின் பெயர், அதாவது விமான மாடலின் எந்தப் பகுதி என்பது. இரண்டாவது டெக்ஸ்சரின், அதாவது மாடலின் மேல் போர்த்தும் படத்தின், வகை: 0 என்றால் நிறம், 1 என்றால் மேடுபள்ளம் காட்டும் நார்மல் மேப், ரஃப்மெட்டுக்கு ரஃப்னஸ் மெட்டாலிக் என்று பெரிய எழுத்தில் அடிக்கோட்டுடன் எழுதுவார்கள். மூன்றாவது ஃபைலின் பெயர், எக்ஸ்டென்ஷன் இல்லாமல். நான்காவது ட்ரூ அல்லது ஃபால்ஸ்.

கடைசிப் பகுதியில்தான் தவறு அதிகம் நடக்கிறது. ஃபால்ஸ் என்றால் "இந்த லிவரி ஃபோல்டரிலேயே தேடு". ட்ரூ என்றால் "விளையாட்டின் பொதுவான டெக்ஸ்சர்களில் தேடு". நீங்கள் வரைந்த ஃபைலுக்கு ட்ரூ போட்டால் உங்கள் படம் கண்ணில் படாது. நீங்கள் வரையாத ஃபைலுக்கு ஃபால்ஸ் போட்டால் அந்தப் பகுதி டெக்ஸ்சர் இல்லாமல் நிற்கும். எது கிடைக்கவில்லை என்பது சேவ்ட் கேம்ஸ் ஃபோல்டரில் லாக்ஸ் அடியில் உள்ள டிசிஎஸ்.லாக் ஃபைலில் பதிவாகும். உங்கள் டெக்ஸ்சரின் பெயரை அதில் தேடிப் பாருங்கள்.

லுவா ஃபைலில் ஒரு காற்புள்ளியோ மேற்கோள் குறியோ விட்டுப்போனால் அந்த ஒரு வரி மட்டும் போகாது, ஃபைல் முழுவதும் படிக்கப்படாமல் போகும். வேர்ட் போன்ற செயலிகள் மேற்கோள் குறிகளை வளைத்துவிடும். லுவாவுக்கு அது புரியாது. நோட்பேட் பிளஸ் பிளஸ் போன்ற எடிட்டரில் திறந்து, பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். டிசிஎஸ் பயன்படுத்துவது லுவா 5.1. ஃபைலின் தலையில் ஒளிந்திருக்கும் பிஓஎம் பைட்டுகளை அது பிழையாகவே எடுத்துக்கொள்ளும். பாதை எழுதும்போது முன்சாய்கோடு போடுங்கள். பின்சாய்கோடு லுவாவில் சிறப்புக் குறி. போட்டே ஆக வேண்டுமானால் இரட்டையாகப் போட வேண்டும்.

அடியில் கண்ட்ரீஸ் என்றொரு பட்டியல் இருக்கலாம். அதில் அமெரிக்கா மட்டும் இருந்தால் வேறு நாட்டு விமானமாக வைக்கும்போது லிவரி தெரியாது. "நேற்று இருந்தது, இன்று காணோம்" என்ற புகார்களில் பாதி இதனால்தான். அந்த வரியை எடுத்துவிட்டால் எல்லா நாடுகளுக்கும் வரும்.

வரையத் தொடங்கும் முன் ஒரு சோதனை. டெக்ஸ்சர் முழுவதையும் அடர் மஜென்டா ஒரே நிறமாக நிரப்பி ஏற்றுங்கள். எந்த மெட்டீரியல் எந்தப் பகுதியை மூடுகிறது, எந்தப் பகுதி இன்னும் பழைய டெக்ஸ்சரிலேயே இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். ஹார்னெட்டில் எஃப்18சி1, எஃப்18சி2 என்ற இரண்டும் உடலின் பெரும்பகுதி. வெளி எரிபொருள் தொட்டி, விமானியின் ஹெல்மெட் எல்லாம் தனி மெட்டீரியல்கள்.

இந்தச் சோதனையிலேயே எண் சதுரத்தின் மர்மமும் விடுபடும். மஜென்டா விமானத்தின் மூக்கில் சாம்பல் கட்டம் ஒன்று நிற்கும். மிஷன் எடிட்டரில் எண்ணை மாற்றினால் விமானத்திலும் மாற வேண்டும் என்பதற்காக, எண் வரும் இடங்கள் மாடலில் தனித் துண்டுகளாக வெட்டப்பட்டு, நம்பர் என்ற சொல் உள்ள தனி மெட்டீரியல் பெயர்களோடு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் லுவாவில் குறைந்தது இரண்டு வரிகள்: 0 வகை வரி அடியில் உள்ள பெயின்ட்டைச் சொல்கிறது, டெக்கால் வகை வரி மேலே வரும் எண் எழுத்துகளைச் சொல்கிறது. நீங்கள் எஃப்18சி1 வரியை மட்டும் மாற்றிவிட்டு, எண் மெட்டீரியல்களின் 0 வரியைப் பழைய டெக்ஸ்சரிலேயே விட்டிருக்கிறீர்கள். மூக்கு, வால், ஃபிளாப் என எல்லா எண் மெட்டீரியல்களின் 0 வரியிலும் அந்தந்த இடத்துக்கு உரிய உங்கள் ஃபைலின் பெயரை எழுதி ஃபால்ஸ் போடுங்கள். ரஃப்மெட் வரியும் அதே மாதிரி மாற வேண்டும். இல்லாவிட்டால் நிறம் சரியாகி, வெயில் படும்போது மட்டும் சதுரம் பளிச்சிடும்.

எண்ணே வேண்டாம், நானே வரைந்துகொள்கிறேன் என்றால் லுவா ஃபைலின் கஸ்டம் ஆர்க்ஸ் பகுதியைப் பாருங்கள். எந்த ஆர்க்யுமென்ட், அதாவது மாடலின் மாறும் பகுதிகளை இயக்கும் மதிப்பு, எந்த இடத்து எண்ணைக் கட்டுப்படுத்துகிறது என்பது விமானத்துக்கு விமானம் வேறு. விமான மாடலைத் தனியாகக் காட்டும் மாடல் வியூவர் என்ற கருவியில் விமானத்தைத் திறந்து, ஆர்க்யுமென்ட் மதிப்பை நகர்த்திப் பார்த்துக் குறித்துக்கொள்வதே நம்பகமான வழி. அதே மாடல் வியூவரில் லிவரியைத் திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்க்கலாம். ஒவ்வொரு சிறு திருத்தத்துக்கும் விளையாட்டைத் திறந்து மூட வேண்டியதில்லை.

அடுத்தது பச்சைத் திட்டு. டிடிஎஸ் சுருக்கங்களில் பழையது பிசி1, டிஎக்ஸ்டி1 என்றும் சொல்வார்கள். படத்தை 4க்கு 4 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டே இரண்டு நிறங்களைச் சேமிக்கிறது. மற்றவை அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நிறங்கள். அந்த இரண்டு நிறங்களும் முழுத் துல்லியத்தில் இல்லை. சிவப்புக்கு 5 பிட், பச்சைக்கு 6 பிட், நீலத்துக்கு 5 பிட். அதாவது சிவப்பிலும் நீலத்திலும் 32 படிகள், பச்சையில் 64 படிகள். நடுநிலைச் சாம்பலில் மூன்று நிறமும் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். படிகளின் அகலம் வேறுபடுவதால் அவை ஒன்றாக இறங்காமல், ஓரிடத்தில் பச்சை தூக்கி நிற்கிறது, பக்கத்துக் கட்டத்தில் சிவப்பும் நீலமும் தூக்கி நிற்கின்றன. பாலைவன நிறத்திலோ காட்டுப் பச்சையிலோ இது கண்ணில் படாது. சாம்பலுக்குப் பக்கத்தில் சாம்பல் என்று வரும் இன்றைய ஜெட் லிவரிகளில்தான் அப்பட்டமாகத் தெரியும்.

டிஎக்ஸ்டி5 எனப்படும் பிசி3க்கு மாறினால் தீருமா? தீராது. அதில் ஒளிபுகும் தன்மைக்கான ஆல்ஃபா சேனல் நன்றாக இருக்குமே தவிர நிறப் பகுதி அதே 5-6-5 தான். பிசி7 தான் விடை. பெயின்ட் டாட் நெட், என்விடியா டெக்ஸ்சர் டூல்ஸ் எக்ஸ்போர்ட்டர், மைக்ரோசாஃப்டின் டெக்ஸ்கான்வ் மூன்றும் இலவசம், மூன்றும் பிசி7 தரும். கிம்ப்பில் வரைந்ததைப் பிஎன்ஜியாகவோ டிஜிஏவாகவோ ஏற்றுமதி செய்து, இவற்றில் ஒன்றின் வழியாக டிடிஎஸ் ஆக்குங்கள். ஏற்கெனவே பிசி1இல் சேமித்த டிடிஎஸ்ஸைத் திறந்து பிசி7ஆக மாற்றிப் பயனில்லை. திட்டு அதில் பதிந்துவிட்டது. லேயர்கள் உள்ள மூல ஃபைலிலிருந்துதான் மீண்டும் எடுக்க வேண்டும்.

பிசி7க்கு விலை உண்டு. 4096க்கு 4096 படம் பிசி1இல் 8 எம்பி, பிசி3இலும் பிசி7இலும் 16 எம்பி. மிப்மேப்புகள், அதாவது தூரத்தில் காட்டுவதற்கான அதே படத்தின் சிறிய நகல்கள், இதன் மேல் மூன்றில் ஒரு பங்கு சேர்க்கும். ஆகப் பிசி7 படம் ஒன்று 21 எம்பியைத் தாண்டும். சுருக்காமல் ஆல்ஃபாவோடு சேமித்தால் அதே படம் மிப்மேப் சேர்த்து 85 எம்பி. ஆறு படங்கள் உள்ள லிவரியைச் சுருக்காமல் போட்டால் அரை ஜிபி கிராபிக்ஸ் நினைவகம் ஒரே விமானத்துக்குப் போகும். 8192 படமாக வரைந்து பிசி7இல் போட்டாலும் படத்துக்கு 85 எம்பி தான். என் கணக்கு: நிறத்துக்கும் ரஃப்மெட்டுக்கும் பிசி7, வெளித் தொட்டி, ஹெல்மெட் போன்ற சில்லறைகளுக்கு 2048 அளவில் பிசி1. ஆல்ஃபா இல்லாத இடத்தில் பிசி3 வீண்.

மிப்மேப் இல்லாமல் சேமிக்காதீர்கள். அருகில் நன்றாக இருக்கும். விமானம் தள்ளிப் போனதும் பேனல் கோடுகளும் எழுத்துகளும் பறக்கப் பறக்க மினுமினுக்கும்.

இப்போது நிறம். அமெரிக்க ராணுவ விமான நிறங்கள் ஃபெடரல் ஸ்டாண்டர்ட் 595 எண்களால் குறிக்கப்படும். 2017 முதல் அதன் இடத்தில் ஏஎம்எஸ் ஸ்டாண்டர்ட் 595 இருக்கிறது, எண்கள் அவையே. ஐந்து இலக்கங்களில் முதல் இலக்கம் பளபளப்பு: 1 பளபளப்பு, 2 அரைப் பளபளப்பு, 3 மங்கல். இரண்டாவது நிறக் குடும்பம்: 0 பழுப்பு, 1 சிவப்பு, 3 மஞ்சள், 4 பச்சை, 5 நீலம், 6 சாம்பல். மீதி மூன்று இலக்கங்கள் ஏறக்குறைய வெளிச்சத்தைத் திருப்பும் அளவின் வரிசை; பெரிய எண் வெளிறிய நிறம். ஹார்னெட்டின் வழக்கமான இரட்டைச் சாம்பல் மேலே 36320, கீழே 36375. எஃப்-16இன் பழகிய மூன்று சாம்பல்கள் 36118, 36270, 36375. எஃப்-15இ முழுக்க 36118. வியட்நாம் காலத்து மூன்று நிற உருமறைப்பு 30219, 34102, 34079, அடியில் 36622. கடற்படையின் பழைய பளபளப்பு ஜோடி 16440 சாம்பல், 17875 வெள்ளை.

இந்த எண்களுக்கு இணையத்தில் கிடைக்கும் ஆர்ஜிபி மதிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஏதோ ஒரு பட்டியலை எடுத்துக்கொண்டு, ஒரே லிவரிக்குள் அந்தப் பட்டியலை மாற்றாமல் இருங்கள். முழு நிறத்தைவிட இரண்டு சாம்பல்களுக்கு இடையே உள்ள வேறுபாடுதான் கண் பிடிக்கும் விஷயம். புகைப்படத்திலிருந்து ஐட்ராப்பரால் நிறம் எடுப்பது பெரும்பாலும் ஏமாற்றும்: வெயில் படத்தில் மேல்பக்கம் வானத்தின் நீலத்தையும், அடிப்பக்கம் ஓடுதளத்தின் மஞ்சளையும் வாங்கியிருக்கும். எடுத்தே தீர வேண்டுமானால் மேகமூட்ட நாளின் படத்தில், ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரு நிறங்களை எடுத்து, விகிதத்தை மட்டும் பாருங்கள்.

பெயின்ட்டில் சுத்த வெள்ளையும் சுத்தக் கறுப்பும் வேண்டாம். வெள்ளையை 240க்கு மேலும் கறுப்பை 30க்குக் கீழும் விடாதீர்கள். 255இல் வரைந்த வெள்ளை வால் நண்பகலில் விளக்கு மாதிரி எரியும், அதன் மேல் வரைந்த பேனல் கோடுகள் காணாமல் போகும். 0இல் வரைந்த கறுப்பு, எந்த வெளிச்சத்திலும் வடிவம் தெரியாத ஓட்டை.

பிளாஸ்டிக் தோற்றத்துக்கு வருவோம். ரஃப்மெட் என்பது படமல்ல, தகவல். சிவப்பு சேனல் மூலை முடுக்குகளின் நிழல், பச்சை சேனல் சொரசொரப்பு, நீல சேனல் உலோகத்தன்மை. பச்சை 0 என்றால் கண்ணாடி, 255 என்றால் சுண்ணாம்புச் சுவர். நீலம் 0 என்றால் பெயின்ட், ரப்பர், துணி. 255 என்றால் வெற்று உலோகம். நடுவில் உள்ள மதிப்புகளுக்கு இயற்கையில் பெரும்பாலும் பொருள் இல்லை. பெயின்ட் உரிந்து உலோகம் தெரியும் கீறலின் ஓரத்திலோ, உலோகத்தின் மேல் படிந்த அழுக்கிலோ மட்டும் வரலாம். "கொஞ்சம் மினுக்கட்டும்" என்று உடல் முழுவதும் நீலத்தை 60க்கு ஏற்றுவதுதான் பிளாஸ்டிக் தோற்றத்துக்கு முதல் காரணம். உலோக விமானம்தானே என்று தோன்றும். ஆனால் நாம் பார்ப்பது உலோகத்தை அல்ல, அதன் மேலுள்ள பெயின்ட்டை. பெயின்ட் அடித்த இடமெல்லாம் நீலம் 0.

இரண்டாவது காரணம் சொரசொரப்பு எங்கும் ஒரே மதிப்பாக இருப்பது. 3இல் தொடங்கும் மங்கல் நிறங்களுக்குப் பச்சை சேனலை 150 முதல் 180 வரை, 1இல் தொடங்கும் பளபளப்பு நிறங்களுக்கு 50 முதல் 75 வரை வைத்துத் தொடங்குங்கள். பிறகு இடத்துக்கு இடம் மாற்றுங்கள். ஆட்கள் மிதிக்கும் சிறகு வேரின் மேல்புறத்தில் வழுக்காத கறுப்புப் பூச்சு இருந்தால் 220க்கு மேல். அடிக்கடி துடைக்கப்படும் இடங்களில், கை படும் மூடிகளின் ஓரத்தில், 15 முதல் 20 வரை குறையுங்கள். ரேடாரை மூடும் மூக்குக் கூம்பு உலோகம் அல்ல. அதன் பூச்சும் வேறு. அதற்கு உடலிலிருந்து மாறுபட்ட ஒரு மதிப்பு கொடுங்கள். நிறத்தில் எதுவும் மாற்றாமல் இதை மட்டும் செய்து பாருங்கள், விமானம் உடனே கனம் பெறும்.

மூன்றாவது, பழைய லிவரியின் ரஃப்மெட்டை அப்படியே வைத்திருப்பது. அதில் பழைய சின்னங்களும் எழுத்துகளும் வேறு பளபளப்பில் பதிந்திருக்கும். உங்கள் புதிய சாம்பலின் அடியிலிருந்து, சூரியன் சாய்வாகப் படும்போது மட்டும், வேறொரு படைப்பிரிவின் சின்னம் ஆவி மாதிரி எழும். விமானத்துக்கான டெம்ப்ளேட்டில், அதாவது லேயர்களோடு கிடைக்கும் மாதிரி ஃபைலில், ரஃப்மெட்டுக்கென்று தனி லேயர் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். இல்லையென்றால் பச்சை சேனலில் அந்த இடங்களைச் சுற்றுப்புற மதிப்பால் மூடுங்கள், சிவப்பைத் தொடாதீர்கள். அதே நிழலை நிற டெக்ஸ்சரிலும் மல்ட்டிப்ளையாகச் சேர்த்திருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லையேல் பேனல் இடுக்குகள் இரட்டிப்பாகக் கறுக்கும்.

ரஃப்மெட்டைச் சேமிக்கும்போது கலர் ப்ரொஃபைல் மாற்றம் எதுவும் நடக்கக் கூடாது. எஸ்ஆர்ஜிபி என்று குறியிட்ட பிசி7ஐத் தவிர்த்து, வெறும் பிசி7 லீனியரைத் தேர்ந்தெடுங்கள். பெயின்ட் டாட் நெட்டில் பிழை அளவீட்டைப் பெர்செப்சுவலிலிருந்து யூனிஃபார்முக்கு மாற்றுங்கள். கண்ணுக்காகச் செய்த கணக்கு சேனல்களைச் சமமாக நடத்தாது; இங்கே மூன்று சேனலும் மூன்று தனித் தகவல்கள்.

வெற்று உலோகம் வேண்டுமானால் கணக்கு தலைகீழ். மிக்-15, எஃப்-86 போன்ற பழைய ஜெட்கள், ஃபான்டமின் வாலடி போன்ற இடங்கள். இங்கே நீலம் 255. நிற டெக்ஸ்சரில் 180க்குக் குறையாத வெளிறிய நிறம். பலர் உலோகத்தைக் கருஞ்சாம்பலாக வரைந்து, நீலத்தையும் ஏற்றிவிட்டு, விமானம் ஏன் கறுத்த கண்ணாடியாகிவிட்டது என்று கேட்கிறார்கள். உலோகத்தின் தோற்றத்தைத் தருவது அதில் பிரதிபலிக்கும் வானமும் தரையும்தான், நீங்கள் தீட்டும் நிழல் அல்ல. பேனலுக்குப் பேனல் சொரசொரப்பை 10, 20 மாற்றினாலே ஒட்டுப்போட்ட அலுமினியத் தகடு வந்துவிடும். மிக்-21இன் பச்சை மூக்குக் கூம்பும் பச்சை மின்கடத்தாப் பலகைகளும் பெயின்ட் பூசிய உலோகமல்லாத பகுதிகள். நீலத்தை அங்கே 0க்கு இறக்க மறக்காதீர்கள்.

உருமறைப்புக் கோடுகள் டெக்ஸ்சர் துண்டுகள் சேரும் தையலில் பிசகுவது அடுத்த தொல்லை. விமானத்தின் தோல் டெக்ஸ்சரில் துண்டு துண்டாக விரிக்கப்பட்டிருக்கும். உடலின் பக்கவாட்டும் முதுகும் படத்தில் எங்கெங்கோ கிடக்கும், சில துண்டுகள் திரும்பியும் சாய்ந்தும் இருக்கும். ஊகித்து வரையாதீர்கள். 64 பிக்சல் கட்டங்களால் ஆன, ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்தும் எண்ணும் உள்ள ஒரு சோதனைப் படத்தை முதலில் ஏற்றுங்கள். மேலிருந்து, இரு பக்கமிருந்து, கீழிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தையலின் ஒரு புறம் சி7, மறுபுறம் கே12 என்று தெரிந்தால், கோடு சி7இன் எந்த உயரத்தில் முடிகிறதோ அங்கிருந்து கே12இல் தொடங்க வேண்டும். கோட்டின் கோணத்தையும் சேர்த்துப் பொருத்துங்கள்; இடம் பொருந்திக் கோணம் பொருந்தாவிட்டால் அங்கே முழங்கால் மாதிரி மடங்கித் தெரியும்.

எழுத்துகள் கண்ணாடியில் பார்த்தது போல இடம் வலம் மாறி வந்தால், அந்தத் துண்டை இடது வலது இரண்டு பக்கமும் பங்குபோட்டுக்கொள்கின்றன என்று பொருள். அங்கே எழுத்தும் சமச்சீர் இல்லாத சின்னமும் வரைய முடியாது. சமச்சீரான உருவத்தோடு நிறுத்துங்கள், அல்லது எழுத்தைப் பங்குபோடாத வேறு துண்டுக்கு நகர்த்துங்கள்.

ஒவ்வொரு துண்டின் விளிம்பையும் தாண்டி நிறத்தை 16 பிக்சலாவது வெளியே இழுத்து விடுங்கள். 4096 படம் நான்கு மிப்மேப் படி இறங்கினால் 256 ஆகிறது. 16 பிக்சல் ஒன்றாகச் சுருங்குகிறது. அந்த ஒரு பிக்சலும் இல்லாவிட்டால் பின்னணி நிறம் உள்ளே கசிந்து, தூரத்தில் விமானத்தின் தையல்கள் எல்லாம் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும்.

சிறு எழுத்துகளுக்கு ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஹார்னெட் 17.1 மீட்டர் நீளம். அந்த நீளம் முழுவதும் 4096 பிக்சலில் அடங்கினால் ஒரு பிக்சல் 4 மி.மீ.க்குச் சற்று அதிகம். 25 மி.மீ. உயர எச்சரிக்கை எழுத்துக்கு 6 பிக்சல்தான் கிடைக்கும். அதில் எந்த எழுத்தும் படிக்க வராது. உடல் இரண்டு டெக்ஸ்சர்களில் பரவியிருந்தால் 12 பிக்சல், அப்போதும் தட்டுத்தடுமாறித்தான். டெம்ப்ளேட்டில் ஸ்டென்சில் லேயர் இருந்தால் அதை அப்படியே பயன்படுத்தி, நிறத்தை மட்டும் மாற்றுங்கள். கையால் வரைவது நேர விரயம்.

லேயர் வரிசை கீழிருந்து மேலாக: அடி நிறம், உருமறைப்பு, சின்னங்களும் எண்களும், ஸ்டென்சில், பேனல் கோடுகள், கடைசியில் அழுக்கு. சின்னத்தை அழுக்குக்கு மேலே வைத்தால் நேற்று ஒட்டிய ஸ்டிக்கர் போல நிற்கும். பேனல் கோடுகளின் அடர்த்தியை 20 முதல் 30 சதவீதத்துக்குள் வையுங்கள். உண்மையான விமானத்தில் பத்தடி தள்ளி நின்றால் அவை மிக மெலிதாகத்தான் தெரியும். கறுப்பு மையால் வரைந்த மாதிரி இருப்பது பிளாஸ்டிக் மாடல் செட் பழக்கம்.

அழுக்குக்குத் திசை உண்டு. பறக்கும்போது கசியும் எண்ணெய் பின்னோக்கி ஓடும், நிறுத்தி வைத்திருக்கும்போது கசிவது கீழ்நோக்கி ஓடும். இரண்டையும் கலந்தால்தான் நம்பும்படி இருக்கும். பீரங்கிப் புகைக்கறை விமானத்துக்கு விமானம் வேறிடம்: ஹார்னெட்டுக்கு மூக்கின் மேல், எஃப்-16க்கு விமானியறைக்குப் பின்னால் இடப்பக்கம், சுகோய்-27க்கு வலச் சிறகின் வேரில், மிக்-29க்கு இடச் சிறகின் வேரில். விமானந்தாங்கிக் கப்பலில் இருக்கும் ஜெட்களில் அழுக்கைவிட ஒட்டுப் பெயின்ட் முக்கியம். உப்புக்காற்றில் துரு தொடாமலிருக்க அடிக்கடி அங்கங்கே தொட்டுப் பூசுவார்கள். புதுப் பூச்சு சுற்றியிருப்பதைவிட ஒரு சாயல் மாறி, ஒழுங்கற்ற ஓரத்தோடு நிற்கும். நிறத்தில் 5, 6 புள்ளி வேறுபாடும், ரஃப்மெட்டின் பச்சையில் 15 புள்ளி வேறுபாடும் போதும். இந்த ஒட்டுகள் பாதி பேனல் ஓரத்தோடு நிற்கட்டும், பாதி அதை மீறட்டும்.

சின்னங்களில் ஓர் இலக்கணம் இருக்கிறது. அமெரிக்கக் கப்பல்படை விமானத்தின் மூக்கில் மூன்று இலக்க எண்; 00இல் முடிந்தால் அது விமானப் பிரிவுத் தளபதியின் பெயரில் உள்ள விமானம், வண்ண வால் பெரும்பாலும் அதற்குத்தான். வாலில் இரண்டு எழுத்து. முதலெழுத்து ஏ (A) என்றால் அட்லான்டிக், என் (N) என்றால் பசிபிக். விமானப்படையில் வாலின் பெரிய இரண்டு எழுத்து தளத்தைக் குறிக்கும். அதனடியில் ஏஎஃப், நிதியாண்டின் இரண்டு இலக்கம், தொடர் எண்ணின் கடைசி மூன்று இலக்கம். மங்கல் லிவரியில் தேசியச் சின்னமும் சாம்பல்தான். வெளிறிய பரப்பில் அடர் சாம்பல், அடர் பரப்பில் வெளிறிய சாம்பல். கனடாவின் சிஎஃப்-18இல் அடிவயிற்றில் விமானியறை போலவே ஒன்றை வரைந்திருப்பார்கள், எதிரிக்கு மேல் எது கீழ் எது என்று குழம்ப. அதை வரையும்போது உண்மையான விமானியறைக்கு நேர் கீழே வருகிறதா என்று கட்டப் படத்தை வைத்துப் பாருங்கள்.

நார்மல் மேப்பைத் தொடாதீர்கள். ஆணியும் பேனல் பள்ளமும் அதில்தான் இருக்கின்றன. அவை மாறவில்லை என்றால் பழைய ஃபைலையே ட்ரூ போட்டுச் சுட்டினால் இடமும் மிச்சம்.

மற்ற சிமுலேட்டர்களுக்கும் வரைதல் பகுதி இதுவே. கட்டுவது மட்டும் வேறு. மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரின் காம்ப் டெக்ஸ்சரிலும் நிழல், சொரசொரப்பு, உலோகம் என்று அதே மூன்று சேனல்கள். ஆனால் அங்கே ஒரு ஃபைலை மாற்றினால் லேஅவுட்.ஜேசனையும் புதுப்பிக்க வேண்டும். எக்ஸ்-பிளேனில் லிவரீஸ் ஃபோல்டருக்குள் அதே பாதையில் அதே பெயரில் படத்தை வைத்தால் போதும், விளக்க ஃபைல் வேண்டாம்.

நண்பர்களோடு பறக்க நினைத்தால் ஒன்று. மிஷன் ஃபைல் லிவரியை நினைவில் வைப்பது ஃபோல்டரின் பெயரால். லுவாவில் நேம் என்று எழுதுவது பட்டியலில் தெரியும் பெயர் மட்டுமே. ஃபோல்டர் பெயரை நடுவில் மாற்றினால் பழைய மிஷன்களில் அந்த விமானம் வழக்கமான லிவரிக்குத் திரும்பிவிடும். மற்றவர்கள் உங்கள் லிவரியைப் பார்க்க அவர்கள் கணினியிலும் அதே விமான ஃபோல்டருக்குள் அதே பெயரில் அது இருக்க வேண்டும். ஒரு படைப்பிரிவுக்குப் பன்னிரண்டு விமானங்கள் வரைகிறீர்கள் என்றால் பன்னிரண்டு முறை ஒரே ரஃப்மெட்டை அடைக்காதீர்கள். முதல் விமானத்தின் ஃபோல்டரில் ஒருமுறை வைத்து, மற்ற பதினொன்றின் லுவாவிலும் மூன்றாவது பகுதியில் இரண்டு புள்ளி, முன்சாய்கோடு, அந்த ஃபோல்டரின் பெயர், முன்சாய்கோடு, ஃபைலின் பெயர் என்று எழுதி ஃபால்ஸ் போடுங்கள். ரஃப்மெட் இரண்டு படங்கள் என்றால் இதில் மட்டும் 470 எம்பி மிச்சம். பிறகு அந்த முதல் ஃபோல்டரை மட்டும் யாரும் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; அழித்தால் பன்னிரண்டும் சேர்ந்து கெடும்.